கைதட்டக் கூடாத பேச்சு

போன வாரம் அக்கா, தம்பி, தங்கை மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துச் சிரித்ததைப் பார்த்து, 'அப்பாடா, இந்த வீட்டுக்கும் நல்ல காலம் பிறந்தது' என்று பத்திரிகையை மூடிவைத்தவர்கள் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்பில் இரண்டு பேருடையது நிஜமில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவள் கலைஞர். தூரிகை, களிமண் எல்லாம் இல்லை; கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், ப்ரொஜெக்டர் இவைதான் அவளுடைய சாமான்கள். நடுவிலவன் அதே வகைக் கலையைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். இந்தக் கலையைச் செய்கிறவர்களும் இதைப் படித்துப் பேசுகிறவர்களும் சேர்ந்து நடத்துகிற சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். கடைக்குட்டி பல் டாக்டர். "வாய்க்குள்ள இருக்கிறதைத் தவிர எனக்கு வேற எதுவும் புரியாது" என்று சொல்லிக்கொண்டே அக்காவின் ஒவ்வொரு வேலைக்கும் பெயின்ட் அடிக்க வந்து நிற்பாள்.

அம்மா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டப் பொறுமையில்லாதவள் அம்மா. எதைச் சொல்வதானாலும் போனில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பிவிடுவாள். அந்தக் குரலை வைத்துத்தான் பெரியவள் 'தேய்மானம்' என்ற வேலையைச் செய்தாள்.

வேலை இதுதான். ஓர் இருட்டு அறை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்பீக்கர். யாராவது உட்கார்ந்தால் அம்மா பேசுவாள். பேசின பகுதி அப்போதே கொஞ்சம் தேய்ந்துவிடும். அடுத்து வருகிறவருக்கு அந்த அளவு குறைவு. கேட்கக் கேட்கக் குரல் கரைந்து, கடைசியில் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். வேறெங்கும் பிரதி கிடையாது. அதற்காக மூன்று பேரும் ஒரு மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் போனிலும் அம்மாவின் போனிலும் இருந்த அம்மாவைத் தங்கள் கையாலேயே அழித்தார்கள். அந்த அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களை இன்னும் என்னால் படித்து முடிக்க முடியவில்லை.

இன்று அந்த வேலையின் கடைசி நாள்.

சங்கத்தின் கூடம், பழைய துணிக்கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது. பெரியவள் வந்தபோது சவுண்டுக்காரர் மட்டும் இருந்தார். நாற்காலிகளைப் போட்டு முடித்துவிட்டு, கழுத்தில் ஒயரை மாலையாகப் போட்டபடி நின்றார்.

"உள்ள போய்க் கேட்டேன் மேடம். சுத்தமா முடிஞ்சு போச்சு. மழை பெய்யற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"சரி" என்றாள். வேறு என்ன சொல்வது? எதிர்பார்த்ததுதான். திட்டம் போட்டுச் செய்ததுதான். இருந்தாலும் அறைக்குள் போய்க் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

மத்தியானம் சங்கத்தின் எல்லா உறுப்பினர்களும் வருவார்கள். 'தேய்மான'த்தைச் சங்கத்தின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்க்கப் போகிறார்கள். சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது, ஒரு காலிப் பெட்டிதானே என்று கேட்காதீர்கள். காலியாகிவிட்டது என்பதுதான் அங்கே பெருமை. அம்மா உயிரோடிருந்தவரை, பெரியவள் செய்வதையெல்லாம் 'விளையாட்டுச் சாமான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பேருக்கும் நீளநீளமாகப் பேசி அனுப்புகிறவள், பெரியவளுக்கு "சாப்பிட்டியா? சரி" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அந்தப் பெரியவளை முதன்முதலில் பொருட்படுத்தியது இந்தச் சங்கம்தான்.

சவுண்டுக்காரர் கூட்டத்துக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கரை மேசைமேல் வைத்து ஆன் செய்தார். அது 'டிங்' என்றது.

"நேத்து போன்ல உன் குரல் கரகரன்னு இருந்துச்சு" என்றாள் அம்மா. "வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளி. பல் டாக்டருக்கு நீ சொல்லித்தான் தெரியணுமான்னு சிரிக்காத. சொன்னதைச் செய்யி."

ஒரு கீறல் இல்லை. ஓரிடத்திலும் தேயவில்லை. பின்னால் நாற்காலி நகரும் சத்தம்கூட அப்படியே இருந்தது.

பெரியவள் அறைக்குள் ஓடினாள். வேலை தானாகவே பிழைத்துக்கொண்டது, எப்படியோ அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் அந்த நொடியில் நினைத்தாள். பைத்தியக்கார நினைப்பு. ஆனால் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அந்த ஒரு வருஷத்தில் வரவில்லை. பிற்பாடு அவளால் மன்னிக்க முடியாமல் போனது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

அறைக்குள் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பேசுவது முதுகுக்குப் பின்னால், கூடத்தில்.

"யாரோட போனோ ப்ளூடூத்துல இதோட ஒட்டிக்கிச்சு மேடம்" என்றார் சவுண்டுக்காரர், ஸ்பீக்கரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தபடி. "முன்னாடி இதுல பாட்டு போட்டவங்க யாராவது பக்கத்துல இருந்தா இப்படித்தான் தானா சேர்ந்துக்கும்."

அறைக்குப் பெயின்ட் அடித்த நாட்களில் இந்த ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டது யாரென்று பெரியவளுக்குத் தெரியும்.

வராந்தாவில், ஜன்னலோரமாகக் கடைக்குட்டி நின்றிருந்தாள். இரண்டு காதிலும் இயர்போன். போனைத் தட்டுகிறாள், காதை அழுத்துகிறாள், மறுபடி தட்டுகிறாள்.

"என்னடி கேக்கற?"

கடைக்குட்டி திடுக்கிட்டு ஒரு காதைக் கழற்றினாள். "ஒண்ணுமில்லக்கா, பாட்டு. சனியன், சத்தமே வர மாட்டேங்குது."

"உன் பாட்டு உள்ள ஓடுது. வந்து கேளு."

கூடத்திலிருந்து அம்மா, "கேக்குதா இல்லியா?" என்று அதட்டினாள். எல்லாப் பதிவையும் அப்படித்தான் முடிப்பாள்.

கடைக்குட்டியின் முகத்தில் ரத்தமே இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவளுக்குத் தன் வாயைத் திறக்க வழி தெரியவில்லை.

"எப்ப இருந்து?"

"அக்கா, நான் கேக்கலக்கா. நாம அழிச்ச அன்னைக்கு எனக்கு நெஜமா ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் நான் சாப்பிடாம கொள்ளாம கெடந்தேன்ல, அப்பதான் அண்ணன் வந்து குடுத்தான்."

"முழுசா?"

"முழுசா."

"தினமும் கேப்பியா?"

கடைக்குட்டி கழற்றின இயர்போனைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

செயலாளர் அறையில் தம்பி, மத்தியானப் பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். இழப்பைப் பற்றிய பேச்சு. அக்கா கதவைச் சாத்திய விதத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"எப்ப காப்பி எடுத்த?"

"உக்காருக்கா."

"எப்படா எடுத்த?"

"நாம உக்காந்து அழிச்சதுக்கு முந்தின நாள். அம்மாவோட போன் என்கிட்டதானே இருந்துச்சு."

"அப்ப அன்னைக்கு உன் போன்ல நீ அழிச்சது?"

"அழிச்சது அழிச்சதுதான்."

"அழுதியே?"

"அழுதேன்."

"எதுக்கு அழுத?"

தம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். வகுப்பில் மாணவர்கள் மடக்கினால் என்ன செய்வானோ அதையே இங்கும் செய்தான். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொன்னான்.

"நான் ஆராய்ச்சி பண்றவன்க்கா. மூலத்தை இல்லாம பண்றதுக்கு எனக்குக் கை வராது. நாளைக்கு நீயே கேட்டிருப்ப. அப்ப எங்க போறது?"

"கேட்டேனே. போன மாசம் உனக்கு போன் பண்ணிக் கேட்டேன். அம்மா 'சரி'ன்னு எப்படிச் சொல்லுவான்னு ஞாபகம் வர மாட்டேங்குதுடா, நீ சொல்லிக் காட்டுன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

அவன் மேசைமேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தான்.

"'எனக்கும் மறந்து போச்சுக்கா'ன்ன. அன்னைக்கு ராத்திரி பூரா வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே நான் 'சரி, சரி'ன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். எப்படிச் சொன்னாலும் அது அம்மா இல்ல."

"உன்கிட்ட சொல்லியிருந்தா நீ மெம்பர்ஸ் முன்னாடி பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். நீ பொய் சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல. வேலை சுத்தமா இருக்கணும்னா உனக்குத் தெரியக் கூடாது. யோசிச்சுப் பாரு, நான் உனக்காகத்தான்..."

"ஓ, எனக்காக."

இந்த இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது பாதிதான். அவளை அடித்துப்போட்டது அவமானம். மூன்று பேருக்கும் சேர்ந்துதான் அம்மா இல்லாமல் போனாள், அதனால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவள் ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தாள். இரண்டு பேர் அம்மாவை வைத்துக்கொண்டு, அவள் துக்கத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'பாவம் அக்கா' என்று கார் ஏறியதும் பேசிக்கொண்டுகூட இருக்கலாம்.

"என்னை மட்டும் தாயில்லாதவளா ஆக்கி வெச்சிருக்கீங்க" என்றாள்.

கடைக்குட்டி கதவோரமாக வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் பேசாம இரு" என்றான் தம்பி. "வேலை சேகரிப்புக்குப் போகட்டும். நாளைக்கே நான் பதவியை விட்டுடறேன். அப்புறம் நீ என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

"அழிக்க மட்டும் சொல்லிடாதக்கா" என்றாள் கடைக்குட்டி.

இருவருக்கும் ஆளுக்கொன்று வேண்டியிருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சங்கத்தின் வழக்கம் ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

அங்கே கலைஞர்கள் தாமதமாக வருவார்கள், பேராசிரியர்கள் தாமதமாக முடிப்பார்கள். அதனால் எல்லாக் கூட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கலையும். இரண்டு தரப்பும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஒரு விஷயத்தைத் தவிர. புதிய வேலை ஒன்றைத் திறக்கும்போதும் மூடும்போதும் செய்தவர் எழுந்து, இந்த இயந்திரம் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். யாரும் சோதிக்க மாட்டார்கள். உள்ளே திறந்து பார்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு மட்டும் கைதட்டக் கூடாது. நன்றாகச் சொன்னாய் என்று பாராட்ட அது பேச்சில்லை; சத்தியம்.

சொன்னது பொய்யென்று ஆனால் அந்த வேலையைச் சங்கம் தன்னுடையதில்லை என்று விலக்கிவிடும். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு ஒருவரும் அறை தரமாட்டார்கள், கருவி தரமாட்டார்கள். அவர் செய்ததைப் பற்றி ஒரு வரி எழுதவும் மாட்டார்கள்.

மத்தியானம் கூடம் நிறைந்தது. தலைவி முன்வரிசையில் உட்கார்ந்தார். கட்டைக் குரல், வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். தம்பி மைக் அருகில் நின்று, இழப்பைப் பற்றி அழகாகப் பேசினான். 'திரும்பி வராதது' என்று அவன் சொன்ன இடத்தில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன குரல், என்ன உருக்கம்.

பிறகு அவளை அழைத்தான்.

அவள் மைக்கைத் தொடவில்லை.

"திறப்பு நாள்ல உங்க முன்னாடி நின்னு, இந்தக் குரலுக்கு வேற பிரதி கிடையாதுன்னு சொன்னேன். நான் சொன்னது பொய். பிரதி இருக்கு. எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"யார்கிட்ட இருக்கு?" என்றார் தலைவி.

பெரியவள் உடனே பதில் சொல்லவில்லை. தம்பிக்கு நேரம் கொடுத்தாள். அவன் ஓர் அடி முன்னால் வந்து 'என்கிட்ட' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவு செய்திருந்தால் அவள் பாதி மன்னித்திருப்பாள் என்றே நான் நினைக்கிறேன். சின்ன வயசில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுத் தன் பின்னால் ஒளிந்துகொண்டவனுக்காக அவள் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள். இப்போதும் அப்படித்தான் நின்றான். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். பக்கத்தைத் திருப்பினான்.

"எங்க வீட்ல இருக்கு" என்றாள் பெரியவள்.

"அப்படின்னா வேலையை விலக்கிடணும். அதுதான் சங்கத்தோட வழக்கம்" என்றார் தலைவி. அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. "இல்லேன்னா, நீ சொன்ன சொல்லை நீயே உண்மையாக்கணும். எதுன்னு நீதான் சொல்லணும்."

கடைசி வரிசையில் கடைக்குட்டி தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம்.

அவள் அப்படித் தலையை ஆட்டாமல் இருந்திருக்கலாம். அந்தக் காகிதத்தை அவன் திருப்பாமல் இருந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து பெரியவளுக்கு உள்ளே எதையோ பற்றவைத்துவிட்டன.

"இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பிரதியை என் கையாலயே அழிச்சிடறேன்" என்றாள். "அதுக்கப்புறம் நான் சொன்னது உண்மையாயிடும்."

யாரும் கைதட்டவில்லை. தலைவி ஒரு முறை தலையை அசைத்தார். சொன்னது சொன்னதுதான்.

பெரியவள் யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"முதல்ல உன் போனைக் குடு, அப்புறம் அவன்கிட்ட இருக்கறது" என்றாள், திரும்பாமலே. கையை மட்டும் நீட்டினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அம்மாவோட கடைசிப் பதிவை நீ கேட்டியா?"

"நான் எதையும் கேக்கலன்னு உனக்குத் தெரியாதா?"

அது உண்மை. வேலைக்குள் போடுவதற்கு முன் அவள் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் நல்லதைப் பொறுக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும், பொறுக்க ஆரம்பித்தால் அது இழப்பாக இருக்காது என்பது அவள் கொள்கை. பார்க்க வந்தவர்களுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் தனக்கும் என்று எல்லாவற்றையும் அப்படியே கொட்டிவிட்டாள். சங்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள்.

"அது உனக்குக்கா" என்றாள் கடைக்குட்டி. "உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிக்கறா. தன் போன்ல பேசி வெச்சிருக்கா, ஆனா அனுப்பல. அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம்ல."

பெரியவளின் கை நீட்டியபடியே இருந்தது.

அந்தப் பதிவு அறைக்குள் எப்போது ஓடியதோ. திறந்த புதிதில் யாராவது ஒரு மாணவன் வந்து உட்கார்ந்திருப்பான். இல்லை, மழைக்கு ஒதுங்கின யாரோ. அம்மா அவள் பேரைச் சொல்லிப் பேசியிருக்கிறாள், முன்பின் தெரியாத ஆள் அதைக் கேட்டுத் தேய்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

"என்ன சொல்றா?"

"நான் சொன்னா அது நான் சொல்ற மாதிரி ஆயிடும். நீயே கேளு."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்க்கா. அம்மா உன்கிட்ட அவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல. உன்னோட அந்த வேலைங்களைப் பத்தித்தான் பேசறா. ஒவ்வொண்ணையும் ஞாபகம் வெச்சுச் சொல்றா."

பெரியவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே கூடத்தில் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது.

"உங்க ரெண்டு பேருக்கும் இது தெரியும்" என்றாள் மெதுவாக. "ஒரு வருஷமாத் தெரியும். அம்மா என்னைப் பத்திக் கடைசி வரைக்கும் ஒண்ணும் நினைக்கலன்னு நான் உங்க தோள்ல சாய்ஞ்சு அழுதப்பவும் தெரியும். ஏன்டி சொல்லல?"

கடைக்குட்டி அழுதுகொண்டே, குழந்தை உண்மையைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"சொன்னா, காப்பி இருக்கறது உனக்குத் தெரிஞ்சிடுமேக்கா."

பெரியவள் அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். கேட்பதற்கா, அழிப்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.